பிழையாகத் தோன்றிய ஏழு விழுக்காடு: ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்வியும் இன்றியமையாக் கனிமங்களின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

மின்னணுவியல், எரிசக்தி, பாதுகாப்பு ஆகிய துறைகளுக்குத் தேவைப்படும் சில உலோகங்களை ‘இன்றியமையா மூலப்பொருள்கள்’ எனப் பல நாடுகள் பட்டியலிட்டுள்ளன. இவற்றைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தாது இருப்பு, ஏற்றுமதித் தடை, விலை ஆகியவற்றைச் சுற்றியே நடைபெறுகிறது. அவ்வுலோகங்களை இனங்கண்டு பிரித்தெடுக்கும் அறிவு எங்கே, எவ்வாறு உருவானது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் 1765-இல் தொடங்கப்பெற்ற ஃப்ரைபெர்க் சுரங்க அகாதெமியின் வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. இண்டியம் (1863), ஜெர்மானியம் (1886) ஆகிய இரு தனிமங்களும் அங்குக் கண்டறியப்பட்ட சூழல், அகாதெமியின் பாடமுறை, சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் கல்வி நிலைத்த விதம், அவ்வறிவுக்குக் கொடுக்கப்பட்ட சூழலியல் விலை ஆகியன நோக்கப்படுகின்றன. இறுதியில் மணவாளக்குறிச்சி மோனசைட்டு மணலின் வரலாறு ஒப்புநோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுரங்கக் கல்வி, ஃப்ரைபெர்க், இன்றியமையாக் கனிமங்கள், ஜெர்மானியம், இண்டியம், துணை உலோகங்கள், மோனசைட்டு.

முன்னுரை

2023 ஆகஸ்டு முதல் நாளிலிருந்து காலியம், ஜெர்மானியம் ஆகிய இரு உலோகங்களையும் ஏற்றுமதி செய்ய அரசின் உரிமம் பெற வேண்டும் என்னும் நடைமுறையைச் சீனா கொண்டுவந்தது. ஒளியிழை வடங்களுக்கும் இரவுநேரக் காட்சிக் கருவிகளின் வில்லைகளுக்கும் ஜெர்மானியம் தேவை. அறிவிப்பு வெளியானதும் ஐரோப்பியத் தொழில்துறை கலக்கமுற்றது. ஆனால் அந்த உலோகம் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் ஐரோப்பாவிலேயே உள்ளது. அதன் பெயரே ஒரு ஐரோப்பிய நாட்டின் பெயரிலிருந்து வந்தது. தன் மண்ணில் கண்டறிந்து, தன் பெயரையே இட்ட ஓர் உலோகத்திற்காக ஒரு நாடு பிறரை எதிர்நோக்கி நிற்கும் நிலை எவ்வாறு நேர்ந்தது?

தாது தீர்ந்துவிட்டது என்பது இவ்வினாவிற்கு எளிய விடையாகத் தோன்றலாம். அவ்விடை முழுமையானதன்று. ஜெர்மானியத்திற்கெனத் தனிச் சுரங்கங்கள் பெரும்பாலும் இருந்ததில்லை. துத்தநாகத் தாதுவைச் சுத்திகரிக்கும்போதும், சிலவகை நிலக்கரியின் சாம்பலிலிருந்தும் அது துணைப்பொருளாகக் கிடைக்கிறது. ஆகவே அதனைப் பெறுவது என்பது, வேறொன்றிற்காகத் தோண்டிய தாதுவில் எஞ்சியிருப்பது இன்னதென அறிந்து, அதனைப் பிரித்தெடுக்கும் திறனைப் பொறுத்தது. அத்திறனின் வரலாறு சுரங்கக் கல்வியின் வரலாற்றோடு பிணைந்துள்ளது. அப்பிணைப்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகாதெமிக்கு முன்

செக் நாட்டிற்கும் சாக்சனிக்கும் இடையில் எர்ட்ஸ்கெபிர்கெ என்னும் மலைத்தொடர் அமைந்துள்ளது. அப்பெயருக்குத் ‘தாது மலைகள்’ என்பது பொருள். அதன் அடிவாரத்தில் இருந்த கிறிஸ்டியான்ஸ்டோர்ஃப் என்னும் சிற்றூரில் 1168-இல் வெள்ளித் தாது வெளிப்பட்டது. அரசருக்குரிய பங்கைச் செலுத்தும் எவரும் தாது தேடலாம் என்னும் உரிமை வழங்கப்பட்டதால் மக்கள் திரண்டு வந்தனர். அவ்வாறு வளர்ந்த நகரமே ஃப்ரைபெர்க்.

சுரங்க அறிவு நெடுங்காலம் தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்த தொழிலாளியிடமிருந்து இளையவருக்கும் வாய்மொழியாகவே சென்றது. அதனை நூலறிவாக்கிய பெருமுயற்சி கியோர்க் அக்ரிகோலாவினுடையது. யோஆகிம்ஸ்தால் என்னும் சுரங்க நகரில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், இலத்தீன் மொழியில் பன்னிரண்டு பகுதிகளாக எழுதிய ‘உலோகவியல் குறித்து’ என்னும் நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1556-இல், பாசல் நகரில் அச்சேறியது. சுரங்கத் தொழில் வெறும் உடலுழைப்பன்று. அதில் ஈடுபடுவோர்க்கு மருத்துவம், கணக்கு, நில அளவை, வரைதல், சட்டம் முதலிய அறிவும் வேண்டும் என்று அந்நூலின் முதற்பகுதி வலியுறுத்துகிறது. சுரங்கக் கல்விக்கான முதற் பாடத்திட்ட வரைவு இதுவெனக் கருதுவதில் தவறில்லை.

நிறுவனமாக அமைந்த கல்வி மெல்லவே வந்தது. 1702-இல் சாக்சனியின் சுரங்க நிருவாகம் ஓர் உதவித்தொகை நிதியை ஏற்படுத்தி, சுரங்க நில அளவையும் தாதுச் சோதனையும் கற்க விரும்பிய இளைஞர்களுக்கு உதவியது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவரும் வேதியியல் அறிஞருமான யோஹான் ஃப்ரீட்ரிக் ஹெங்கெல் ஃப்ரைபெர்க்கில் ஓர் ஆய்வுக்கூடம் நடத்தினார். பின்னாளில் ருசிய அறிவியலின் முன்னோடியாகப் போற்றப்பெற்ற மிக்கயீல் லொமொனோசொவ் 1739–40-இல் அவரிடம் பயின்றவர்.

பொருளாதார நெருக்கடியில் பிறந்த கல்விக்கூடம்

ஏழாண்டுப் போர் (1756–63) சாக்சனியைச் சீர்குலைத்தது. பிரஷ்யப் படைகள் நாட்டைக் கைப்பற்றி வரி வசூலித்தன; நாணயத்தின் மதிப்புக் குலைந்தது; கருவூலம் கடனில் மூழ்கியது. போர் முடிந்தபின் நாட்டை மீட்டெடுக்க எஞ்சியிருந்த பெருவளம் வெள்ளிச் சுரங்கமே. ஆயினும் மேற்பரப்பை ஒட்டிய வளமான தாது ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. ஆழத்தில் கிடைத்த தாது வளம் குன்றியது. நீரை வெளியேற்றும் செலவு மிகுதி. மிகுதியாகத் தோண்டுவதால் மட்டும் வருவாய் பெருகாது, தேர்ந்து தோண்ட வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. அதற்குக் கற்ற அதிகாரிகள் தேவைப்பட்டனர்.

இச்சூழலில் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ஃபான் ஓப்பெல், ஃப்ரீட்ரிக் அன்டோன் ஃபான் ஹைனிட்ஸ் ஆகிய இரு அதிகாரிகளின் முன்மொழிவை ஏற்று, அரசப் பொறுப்பிலிருந்த இளவரசர் க்சேவர் 1765 நவம்பரில் ஃப்ரைபெர்க் சுரங்க அகாதெமியை நிறுவ ஒப்புதல் அளித்தார். மறு ஆண்டு வகுப்புகள் தொடங்கின. கணிதம், இயந்திரவியல், வரைதல், கனிமவியல், உலோக வேதியியல், தாதுச் சோதனை, சுரங்க நில அளவை ஆகியன பாடங்களாயின. உள்நாட்டு மாணவர் சிலர்க்கு உதவித்தொகை வழங்கப்பட்டது. அதற்கு ஈடாக அவர்கள் சாக்சனியின் சுரங்கப் பணிக்குக் கடமைப்பட்டனர். வெளிநாட்டினர் கட்டணம் செலுத்திப் பயின்றனர்.

ஃப்ரைபெர்க் இத்துறையில் தனித்து எழுந்ததன்று. ஹங்கேரி அரசின்கீழ் இருந்த ஷெம்னிட்ஸ் நகரில் 1735 முதலே சுரங்கப் பள்ளி இயங்கியது. பெர்லின் (1770), சென்ட் பீட்டர்ஸ்பர்க் (1773), பாரிஸ் (1783), மெக்சிகோ (1792) எனச் சுரங்கக் கல்வி நிலையங்கள் அடுத்தடுத்து எழுந்தன. இவை அனைத்தும் அரசின் வருவாய்த் தேவையால் எழுந்தவை என்பது நோக்கத்தக்கது. மூலப்பொருள் பற்றிய அச்சம் தோன்றும்போதெல்லாம் சுரங்கக் கல்வி அரசின் கவனத்தைப் பெறுகிறது. அச்சம் நீங்கும்போது அக்கவனமும் விலகுகிறது.

வெர்னரின் பாடமுறை

அகாதெமியின் புகழ் ஐரோப்பா கடந்து பரவியதற்கு அபிரகாம் கோட்லோப் வெர்னர் முதன்மைக் காரணமாவார். 1774-இல், மாணவப் பருவத்திலேயே, கனிமங்களின் புறப் பண்புகளைக் கொண்டு அவற்றை இனங்காணும் முறையை விளக்கும் நூலொன்றை அவர் வெளியிட்டார். மறு ஆண்டு அகாதெமியில் ஆசிரியரானார். 1817-இல் மறையும்வரை அங்கேயே கற்பித்தார். நிறம், பளபளப்பு, உடையும் பாங்கு, கடினம், எடை ஆகியவற்றைக் கண்ணாலும் கையாலும் சோதித்து, ஒவ்வொன்றிற்கும் வரையறுத்த சொல்லைப் பயன்படுத்துமாறு அவர் மாணவரைப் பழக்கினார். ஒரே கல்லைப் பத்துப் பேர் பார்த்தால் பத்துப் பேரும் ஒரே விவரிப்பை எழுத வேண்டும் என்பதே அம்முறையின் அடிப்படை.

பாடத்தின் மறுபாதி நிலத்தடியில் நடைபெற்றது. 1791-இல் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் காலைப் பொழுதைச் சுரங்கத்திலும் பிற்பகலை வகுப்பறையிலும் கழித்தார். எட்டு மாதங்களில் அவர் பெற்ற பயிற்சி அவரைப் பிரஷ்யச் சுரங்க அதிகாரி ஆக்கியது. 1793-இல் ஸ்டேபன் என்னும் ஊரில் சுரங்கத் தொழிலாளர்க்கென இலவசப் பள்ளி ஒன்றை அவர் தம் சொந்தச் செலவில் தொடங்கினார். அதிகாரிகளுக்கு மட்டும் உரியதாக இருந்த கல்வியைத் தொழிலாளியிடமும் சேர்க்க முயன்ற இச்செயல் தனித்துக் குறிப்பிடத்தக்கது.

பாறைகள் அனைத்தும் ஆதிக் கடலில் படிந்து உருவானவை என்னும் வெர்னரின் கோட்பாடு பிற்காலத்தில் கைவிடப்பட்டது. எரிமலைகளை நேரில் ஆய்ந்த அவருடைய மாணவர்களான லியோபோல்ட் ஃபான் புக், ஹம்போல்ட் ஆகியோரே அதிலிருந்து விலகினர். ஆசிரியரின் கோட்பாடு தவறாயிருந்தும் அவர் கற்பித்த உற்றுநோக்கும் முறை பிழைக்கவில்லை. அம்முறையைக் கொண்டே மாணவர்கள் ஆசிரியரைத் திருத்தினர்.

அம்முறை உலகெங்கும் சென்றதன் பயனை இன்றைய இன்றியமையாக் கனிமப் பட்டியல்களில் காணலாம். ஃப்ரைபெர்க்கில் பயின்ற ஸ்பானியச் சகோதரர்களான ஹுவான் ஹோசே எலூயர், ஃபவுஸ்தோ எலூயர் ஆகிய இருவரும் 1783-இல் பெர்காரா நகரில் டங்ஸ்டன் உலோகத்தைப் பிரித்தெடுத்தனர். பின்னர் மெக்சிகோவின் சுரங்கக் கல்லூரிக்கு ஃபவுஸ்தோ தலைமை ஏற்றார். வெர்னரின் மாணவரான அந்திரேஸ் மனுவேல் தெல் ரியோ அக்கல்லூரியில் கற்பித்தவர். 1801-இல் சிமாபான் பகுதியின் ஈயத் தாதுவில் புதிய தனிமம் ஒன்று இருப்பதை அவர் கண்டார். பிரெஞ்சு வேதியியலார் ஒருவர் அது குரோமியமே என 1805-இல் தெரிவித்தார். தெல் ரியோவும் தம் கூற்றைக் கைவிட்டார். 1830-இல் சுவீடனில் செஃப்ஸ்ட்ரோம் அதே தனிமத்தை மீண்டும் கண்டறிந்து வனேடியம் எனப் பெயரிட்டார். தெல் ரியோ கண்டதும் அதுவே என ஃப்ரீட்ரிக் வோலர் உறுதிசெய்தார். மெக்சிகோவில் சரியாகச் செய்யப்பட்ட சோதனை பாரிசின் சொல்லுக்கு முன் நிற்க முடியாமற்போன வரலாறு இது.

நீலக் கோடும் காணாமற்போன ஏழு விழுக்காடும்

19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நிறமாலைமானி என்னும் புதிய கருவி வேதியியலார் கைக்கு வந்தது. அதனைக் கொண்டு 1861-இல் இங்கிலாந்தில் வில்லியம் குரூக்ஸ் தாலியத்தைக் கண்டறிந்தார். ஃப்ரைபெர்க் துத்தநாகத் தாதுவிலும் தாலியம் உள்ளதா என அறிய விரும்பினார் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் ரைக். அவருக்கு நிறக்குருடு இருந்தது. ஆகவே நிறமாலையைப் பார்க்கும் பணியைத் தியோடோர் ரிக்டரிடம் ஒப்படைத்தார். தாலியத்திற்குரிய பச்சைக் கோடு தென்படவில்லை. அதுவரை எவரும் குறித்திராத அவுரிநீலக் கோடொன்று தெரிந்தது. 1863-இல் நிகழ்ந்த இக்கண்டுபிடிப்பே இண்டியம். அவுரியின் நிறத்தைக் குறிக்கும் சொல்லே அதன் பெயருக்கு மூலம்.

இரண்டாம் நிகழ்வு இதனினும் பொருள் பொதிந்தது. 1885-இல் ஹிம்மெல்ஸ்ஃபுர்ஸ்ட் சுரங்கத்தில் புதுவகைக் கனிமம் ஒன்று கிடைத்தது. கனிமவியல் பேராசிரியர் ஆல்பின் வைஸ்பாக் அதனை ஆராய்ந்து ஆர்கிரோடைட்டு எனப் பெயரிட்டு, அதன் கூறுகளை அறியுமாறு கிளெமென்ஸ் விங்க்ளரிடம் கொடுத்தார். விங்க்ளர் ஃப்ரைபெர்க்கில் பிறந்து, அங்கேயே பயின்று, அங்கேயே வேதியியல் பேராசிரியரானவர். கனிமத்தின் முக்கால் பங்கு வெள்ளி. கந்தகமும் மிகச் சிறிதளவு இரும்பு, பாதரசம், துத்தநாகம் ஆகியனவும் இருந்தன. இவையனைத்தையும் கூட்டினால் நூறு வர வேண்டும். ஏறத்தாழ 93 விழுக்காடே வந்தது. திரும்பத் திரும்பச் செய்தபோதும் ஏழு விழுக்காடு குறைந்தே நின்றது.

சோதனைப் பிழையென்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுதான் அது. தம் கணக்கின் துல்லியத்தை அறிந்திருந்த விங்க்ளர் அதனை ஒதுக்கவில்லை. பல மாதங்கள் உழைத்து, 1886 பிப்ரவரி 6 அன்று புதிய தனிமத்தைப் பிரித்தெடுத்தார். அது ஆண்டிமனிக்கு நெருங்கியது என்றே முதலில் கருதப்பட்டது. பின்னர், சிலிக்கானுக்குக் கீழே காலியாக உள்ள இடத்தில் அமையுமென்று 1871-இல் மெண்டலீவ் முன்னுரைத்த தனிமமே இது என்பது தெளிவாயிற்று. மெண்டலீவ் கணித்த அணு எடை 72. விங்க்ளர் அளந்தது 72.32. கணித்த அடர்த்தி 5.5, அளந்தது 5.47. தனிம வரிசை அட்டவணைக்கு இது ஒரு பெருஞ்சான்றாக அமைந்தது.

இவ்விரு நிகழ்வுகளிலிருந்தும் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, இரண்டு தனிமங்களுமே வேறொன்றைத் தேடும்போது அல்லது வழக்கமான தாதுச் சோதனையின்போது வெளிப்பட்டவை. இரண்டு, சுரங்கம், கனிமவியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றில் வல்லவர்கள் ஒரே நகரில், ஒரே நிறுவனத்தில், ஒருவர்க்கொருவர் தாதுவைக் கைமாற்றிக்கொள்ளும் தொலைவில் இருந்தனர். மூன்று, கண்டறிந்தபோது இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க தொழிற்பயன் ஏதுமில்லை. இரண்டாம் உலகப் போரில் வானூர்தி எந்திரத் தாங்கிகளுக்கு மேற்பூச்சாகவே இண்டியம் பேரளவில் பயன்பட்டது. இன்று தொடுதிரையின் ஒளிபுகும் மின்கடத்திப் படலத்தில் அது உள்ளது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் உருவான முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தாலானது. கண்டுபிடிப்பிற்கும் பயனுக்கும் இடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துள்ளன. உடனடித் தேவையை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் ரைக், விங்க்ளர் இருவருடைய உழைப்பும் வீண்செலவாகவே கணக்கிடப்பட்டிருக்கும்.

சுரங்கம் மூடியது; பள்ளி நின்றது

ஜெர்மனி 1871–73 காலப்பகுதியில் தங்கத்தை நாணய அடிப்படையாக ஏற்றதும் வெள்ளியின் விலை சரியத் தொடங்கியது. ஃப்ரைபெர்க் சுரங்கங்கள் நட்டத்தில் வீழ்ந்தன. ஜெர்மானியம் கண்டறியப்பட்ட அதே 1886-இல் முதன்மையான சுரங்கங்களைச் சாக்சனி அரசு விலைக்கு வாங்கிக் காக்க முயன்றது. பயனில்லை, 1913-இல் வெள்ளிச் சுரங்கப் பணி நின்றது. 1930-களில் ஈயத்திற்கும் துத்தநாகத்திற்குமாக மீண்டும் தொடங்கிய பணியும் 1969-இல் முடிவுற்றது.

ஊருக்கு வாழ்வளித்த தாது போனபின் அதனைச் சார்ந்த கல்வியும் போயிருக்க வேண்டும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு நிகழவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகாதெமி முனைவர் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. பழுப்பு நிலக்கரி ஆய்விற்குத் திரும்பியது. மூடப்பட்ட ரைக்கெ செக்கெ, ஆல்டெ எலிசபெத் சுரங்கங்களை 1919 முதல் பயிற்சிச் சுரங்கமாக்கிக்கொண்டது. தாது எடுப்பதற்கன்றி, தாது எடுக்கக் கற்பதற்காக ஒரு சுரங்கம் பேணப்பட்டது. இன்றும் மாணவர்கள் ஏறத்தாழ 150 மீட்டர் ஆழத்தில் அளவைப் பயிற்சியும் சோதனைகளும் செய்கின்றனர். நுண்ணுயிர்களின் துணையால் துத்தநாகத் தாதுவிலிருந்து இண்டியம் போன்ற உலோகங்களைக் கரைத்தெடுக்கும் ஆய்வும் அங்கு நடைபெற்றுள்ளது. 2011-இல் மூலப்பொருள் தொழில்நுட்பத்திற்கென ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு நிறுவனம் ஃப்ரைபெர்க்கில் தொடங்கப்பட்டதற்கும் இத்தொடர்ச்சியே காரணம் எனலாம்.

இதற்கு மாறான நிலையும் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி வெள்ளீயச் சுரங்கத்திற்குப் பெயர்பெற்றது. அங்குள்ள சவுத் கிராஃப்டி சுரங்கம் 1998-இல் மூடப்பட்டது. அப்பகுதியின் புகழ்பெற்ற கேம்போர்ன் சுரங்கப் பள்ளி 2020-இல் இளநிலைச் சுரங்கப் பொறியியலுக்கான மாணவர் சேர்க்கையை நிறுத்திவைத்தது. அண்மைக் காலமாக அதே பகுதியில் வெள்ளீயமும் லித்தியமும் எடுக்கும் திட்டங்கள் பேசப்படுகின்றன. மூடிய சுரங்கத்தை நீர் இறைத்துத் திறந்துவிடலாம். கலைந்துபோன ஆசிரியர் மரபை மீண்டும் கூட்டுவதற்கு ஒரு தலைமுறை தேவைப்படும்.

அறிவின் விலை

இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் படிப்பது முறையாகாது. ஃப்ரைபெர்க்கின் உருக்காலைகள் கந்தக டை ஆக்சைடும் ஆர்செனிக்கும் கலந்த புகையைக் கக்கின. சுற்றியிருந்த பயிர்களும் காடுகளும் கால்நடைகளும் அழிந்தன. உழவர்கள் இழப்பீடு கோரினர். அப்புகையிலிருந்து கந்தக அமிலம் தயாரிக்கும் வழியை ஆராய்ந்தவர்களுள் விங்க்ளரும் ஒருவர். 1875-இல் அவர் வெளியிட்ட தொடுமுறை ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பம். ஆயினும் 1889-இல் ஹால்ஸ்ப்ரூக்கெ உருக்காலைக்கு 140 மீட்டர் உயரப் புகைபோக்கி கட்டப்பட்டது. அக்காலத்தில் உலகிலேயே உயரமானதாக இருந்த அது, நச்சைக் குறைப்பதைவிடத் தொலைவிற்குப் பரப்பவே உதவியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எர்ட்ஸ்கெபிர்கெ பகுதியில் சோவியத் தேவைக்காக விஸ்முட் நிறுவனம் யுரேனியம் எடுத்தது. 1990 வரை எடுக்கப்பட்ட அளவு ஏறத்தாழ 2,31,000 டன். அக்கால இன்றியமையாக் கனிமம் யுரேனியமே. அவசரத்தின் பெயரால் தொடக்க ஆண்டுகளில் காற்றோட்டமும் தூசிக் கட்டுப்பாடும் புறக்கணிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் சிலிக்கோசிசுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் ஆளாயினர். அறிவு இருந்தது, அதனைப் பயன்படுத்தும் விருப்பம் ஆட்சியிடம் இல்லை. சுரங்கக் கல்வி தாதுவைப் பிரித்தெடுக்கும் திறனை மட்டும் கற்பித்தால் போதாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. தொழிலாளர் உடல்நலத்தை ஒரு தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு எழுதிய அக்ரிகோலாவின் நோக்கு இங்குக் கைவிடப்பட்டது.

மணவாளக்குறிச்சி: ஓர் ஒப்புநோக்கு

தாதுவை அறிந்தவர்க்கே தாது சொந்தமாகிறது என்னும் உண்மை தமிழ்நிலத்திலும் புலப்பட்டுள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், எரிவாயு விளக்குகளுக்கான ஒளிவலையை ஆஸ்திரியாவின் கார்ல் அவுவெர் ஃபான் வெல்ஸ்பாக் உருவாக்கினார். அதற்குத் தோரியம் தேவைப்பட்டது. தோரியம் தரும் மோனசைட்டு மணலுக்குப் பிரேசில் கடற்கரையே முதன்மை மூலமாக இருந்தது. 1909-இல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு இருப்பதை ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் கண்டார். அதன்பின் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தொடங்கியது. கடலோர மக்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்து நடந்த கருமணலின் மதிப்பு, அவர்களுடைய கயிற்றோடு கடல்கடந்து சென்ற பின்னரே வெளிப்பட்டது.

அவர்களிடம் கூர்நோக்கு இல்லை என்பது இதற்குப் பொருளன்று. அதனை அறிவியலாக மாற்றும் கல்விக்கூடம் அவர்களுக்கு எட்டவில்லை. இந்தியாவில் சுரங்கப் பொறியியலுக்கென அரசுக் கல்லூரி வேண்டுமென்று இந்திய தேசியக் காங்கிரசு 1901-ஆம் ஆண்டுக் கல்கத்தா மாநாட்டில் தீர்மானம் நிறைவேற்றியது. தன்பாதில் இந்தியச் சுரங்கப் பள்ளி திறக்கப்பட்டது 1926 டிசம்பர் 9 அன்று. கோரிக்கைக்கும் நிறைவேற்றத்திற்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது. சாக்சனி அரசு தன் கருவூலத்தைக் காக்கக் கல்விக்கூடம் கட்டியது. காலனிய அரசுக்கோ குடிமக்களைச் சுரங்க அறிஞராக்கும் தேவை இருக்கவில்லை.

மோனசைட்டின் வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. ஒளிவலைத் தொழிலுக்குத் தோரியம் மட்டுமே வேண்டியிருந்தது. உடன்கிடைத்த அருமண் உலோகங்கள் கழிவாகக் குவிந்தன. அக்கழிவிற்குப் பயன் தேடிய வெல்ஸ்பாக், 1903-இல் சீரியமும் இரும்பும் கலந்த தீக்கல்லை உருவாக்கினார். சிகரெட் லைட்டர்களில் இன்றும் பொறி பறப்பது அதனால்தான். அவர் 1885-இல் கண்டறிந்த நியோடிமியம் அன்று கழிவின் ஒரு பகுதி. இன்று மின்வாகன மோட்டார், காற்றாலை ஆகியவற்றின் காந்தங்களுக்காக உலகமே தேடும் பொருள். ஃப்ரைபெர்க்கின் துத்தநாகத் தாது உணர்த்துவதையே மணவாளக்குறிச்சி மணலும் உணர்த்துகிறது: கழிவு, பொருள் என்னும் பாகுபாடு நிலையானதன்று, அது அறிவையும் காலத்தையும் பொறுத்து மாறுவது.

இன்றைய பட்டியல்களும் விடுபட்ட பொருளும்

ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் வெளியிட்ட முதற்பட்டியலில் 14 மூலப்பொருள்கள் இருந்தன. 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த இன்றியமையா மூலப்பொருள்கள் சட்டத்தில் அவ்வெண்ணிக்கை 34. ஒன்றியத்தின் ஆண்டுத் தேவையில் 10 விழுக்காட்டை உள்நாட்டிலேயே தோண்டியெடுத்தல், 40 விழுக்காட்டை உள்நாட்டில் பதப்படுத்துதல், 25 விழுக்காட்டை மறுசுழற்சியால் பெறுதல் ஆகியவற்றை 2030-க்கான இலக்குகளாக அச்சட்டம் வகுத்துள்ளது. இந்திய அரசு 2023 ஜூனில் 30 கனிமங்களைப் பட்டியலிட்டது. ஜெர்மானியம், இண்டியம், டங்ஸ்டன், வனேடியம் ஆகிய நான்கும் அதில் உள்ளன. 2025 ஜனவரியில் தேசிய இன்றியமையாக் கனிம இயக்கத்திற்கும் ஒப்புதல் வழங்கப்பட்டது.

இவ்விலக்குகளை வகுத்தோர் டன் கணக்கையும் விழுக்காட்டையும் தெளிவாகக் குறிப்பிடுகின்றனர். ஆயினும் துணை உலோகங்களின் இயல்பு அக்கணக்கிற்கு எளிதில் அடங்குவதன்று. ஜெர்மானியத்தின் விலை உயர்வதால் மட்டும் எவரும் புதிய துத்தநாகச் சுரங்கத்தைத் திறப்பதில்லை. ஏற்கெனவே இயங்கும் சுத்திகரிப்பாலையில் எஞ்சும் கசடு, சாம்பல் ஆகியவற்றுள் எது எவ்வளவு உள்ளது என்று அளந்து, அதனைப் பிரிக்கத் தெரிந்தவர் இருந்தாலன்றி அவ்வுலோகம் கழிவோடு கழிவாகவே போகும். மறுசுழற்சிக்கும் இது பொருந்தும். பழைய கைப்பேசியில் இண்டியம் மிகச் சிறிதளவே, பல பொருள்களோடு கலந்து உள்ளது. விங்க்ளரின் மேசை மீதிருந்த ஆர்கிரோடைட்டைக் காட்டிலும் சிக்கலான தாது அது. பட்டியலில் இடம்பெறாத இன்றியமையாப் பொருள் ஒன்று உண்டெனில் அது பயிற்சி பெற்ற பகுப்பாய்வாளரே.

முடிவுரை

ஃப்ரைபெர்க் வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். சுரங்கக் கல்வி பொருளாதார நெருக்கடியின் விளைவாகப் பிறந்தது. ஆனால் அதன் சிறந்த பயன்கள் அந்நெருக்கடியின் தேவைகளுக்கு அப்பால் விளைந்தன. வெள்ளிக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி, வெள்ளி மதிப்பிழந்த காலத்தில் ஜெர்மானியத்தைத் தந்தது. பல துறைகளை ஓரிடத்தில் இணைத்துக் களப்பயிற்சியோடு கற்பித்த முறையே அதற்கு அடிப்படை. தாது தீர்ந்த பின்னும் கல்வி நிலைத்தமையால் அந்நகரம் புதிய மூலப்பொருள் ஆய்வுக்கு ஏற்றதாக எஞ்சியது. கல்வியைக் கைவிட்டிருந்தால் மூடிய சுரங்கம் வெறும் பள்ளமாகவே இருந்திருக்கும். அதே வேளையில், புகையாலும் தூசியாலும் பாதிக்கப்பட்டோரின் வரலாறு அக்கல்வியின் பாடத்திட்டத்திலிருந்து பிரிக்க முடியாதது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் இன்றியமையாக் கனிமங்கள் குறித்த திட்டங்கள் வகுக்கப்படும் இக்காலத்தில், எங்கே தோண்டுவது என்னும் வினாவோடு யார் கற்பது, என்ன கற்பது என்னும் வினாக்களும் எழுப்பப்பட வேண்டும். கடலோர ஊர்களின் பிள்ளைகள் தங்கள் மணலைப் பற்றிய வேதியியலையும், அதனைத் தோண்டுவதால் விளையும் கதிரியக்க, சூழலியல் விளைவுகளையும் தங்கள் மொழியிலேயே கற்கும் வாய்ப்பு அமைந்தால், அம்மணலின் எதிர்காலம் பற்றிய முடிவில் அவர்களுக்கும் உரிய இடம் கிடைக்கும். மணவாளக்குறிச்சியின் மணலை மதிப்பிட 1909-இல் வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. அந்நிலை மீண்டும் நேராதிருப்பது தாதுவின் கையில் இல்லை. அதனைக் கற்கும் கல்விக்கூடங்களின் கையில் உள்ளது.